மிட்-செஞ்சுரி என்றால் எந்தக் காலம், எந்தப் பாணி?

சோபாவும் சாப்பாட்டு மேசையும் வாங்க இணையத்தில் தேடியபோது, பாதிப் பொருட்களின் பெயரில் ‘மிட்-செஞ்சுரி’ என்று சேர்த்திருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது எந்த நூற்றாண்டின் நடு, பழைய பொருளைச் சொல்கிறார்களா புதுப் பொருளையா, கால் சாய்ந்திருக்கிற எல்லாமே மிட்-செஞ்சுரிதானா என்பவை உங்கள் கேள்விகள். பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவது என் தொழில் என்பதால் இதே கேள்விகளை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நூற்றாண்டு, 20-ஆம் நூற்றாண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-லிருந்து 1960-களின் கடைசி வரை என்று வைத்துக்கொள்ளலாம். சிலர் 1930-களிலேயே கணக்கைத் தொடங்குவார்கள். அதில் பெரிய தப்பில்லை; ஏனென்றால் இந்தப் பாணியின் வேர்கள் போருக்கு முந்தைய ஜெர்மனியிலும் பின்லாந்திலும் இருக்கின்றன. முழுப் பெயர் ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’. பேச்சில் ‘மாடர்ன்’ உதிர்ந்துபோய் முதல் பாதி மட்டும் நின்றுவிட்டது. குழப்பத்தில் பாதி அதனால் வந்ததுதான்.

1955-ல் காரைக்குடியில் ஒரு வீட்டுக்காகச் செய்த பூவேலை அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலத்தால் அது நூற்றாண்டின் நடுவைச் சேர்ந்தது. ஆனால் எந்த வடிவமைப்பாளரும் அதை மிட்-செஞ்சுரி என்று சொல்ல மாட்டார். போன மாதம் ஜோத்பூரில் ஒரு பட்டறையில் செய்த, ஒடுங்கிய காலும் அலங்காரமில்லாத முதுகும் உள்ள சோபாவோ, காலத்தால் அதற்குச் சம்பந்தமே இல்லாதது. பாணியால் மட்டும் மிட்-செஞ்சுரி. நீங்கள் இணையத்தில் பார்ப்பது அநேகமாக இந்த இரண்டாவது வகை. ஆகவே பழைய பொருள் என்று நினைத்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தச் சொல் முதலில் பாணியின் பெயராகவே இல்லை. 1950 நெருங்கிக்கொண்டிருந்தபோது அமெரிக்கர்கள் தங்கள் நிகழ்காலத்தையே அப்படி அழைத்தார்கள். 1949 மார்ச் கடைசியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்திய ‘மிட்-செஞ்சுரி’ மாநாட்டில் சர்ச்சில் வந்து பேசினார். அறிவியல் வளர்ச்சி சமூகத்தை என்ன செய்யும் என்பது அங்கே பேசுபொருள். 1950 டிசம்பரில் வெள்ளை மாளிகை நடத்திய குழந்தைகள், இளைஞர்கள் பற்றிய மாநாட்டின் பெயரிலும் இதே சொல் இருந்தது. அரை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறோம், இனி எப்படிப் போகப்போகிறோம் என்கிற உணர்வு அப்போது அதில் இருந்தது. அன்று நாற்காலி செய்துகொண்டிருந்தவர்கள் தாங்கள் செய்வதை வெறுமனே ‘மாடர்ன்’ என்றுதான் சொன்னார்கள்.

பாணிக்கு இந்தப் பெயர் ஊன்றியது பிறகுதான். 1984-ல் காரா கிரீன்பெர்க் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1950-களின் மரச்சாமான்களைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதற்கு ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’ என்று தலைப்பு வைத்தார். அந்தச் சமயத்தில் இந்தப் பொருட்களைப் பலர் பழைய சாமானாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நூலுக்குப் பின் சேகரிப்பவர்கள், ஏலக்கடைகள், அருங்காட்சியகங்கள் எல்லோரும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். 2007-ல் தொடங்கிய ‘மேட் மென்’ தொலைக்காட்சித் தொடர் 1960-களின் நியூயார்க் அலுவலகங்களைத் திரையில் கொண்டுவந்தபோது, சேகரிப்பவர்களின் சொல் வீட்டு அலங்காரக் கடைகளின் சொல்லாகிவிட்டது. ஒரு காலத்தின் பெயர், அந்தக் காலம் முடிந்து பல வருடம் கழித்து ஒட்டப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் எல்லைகள் ஏன் இவ்வளவு தளர்வாக இருக்கின்றன என்பது விளங்கும்.

இனி பாணிக்கு வருவோம். சாய்ந்த கால், வழவழப்பான மரம், கடுகு மஞ்சள் துணி என்று பட்டியல் போட்டு விளக்குபவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் திருப்தியில்லை. அந்தத் தோற்றம் எதனால் வந்தது என்று தெரிந்தால்தான் எது அதைச் சேர்ந்தது, எது வெறும் வேஷம் என்று பிரிக்க முடியும். அதற்கு சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதியின் வேலையை விடச் சரியான இடம் எனக்குத் தெரியவில்லை.

1941-ல் திருமணம் முடித்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோன இருவரும், தங்கள் வாடகை வீட்டின் ஓர் அறையிலேயே ப்ளைவுட்டை வளைக்க ஒரு கருவி செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கஸாம்’. பிளாஸ்டர் அச்சின் மேல் மெல்லிய மரத் தாள்களைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியது. மேலே ஒரு ரப்பர் பையை வைத்து மூடி, சைக்கிள் பம்பால் காற்றடித்து அழுத்த வேண்டியது. உள்ளே மின்கம்பிச் சூட்டில் பசை இறுகும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியது. ஒரே பலகையில் உட்காரும் இடமும் சாயும் முதுகும் வர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆனால் ப்ளைவுட்டை ஒரு பக்கமாக வளைப்பது சுலபம். கிண்ணம் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் குழிக்கப் போனால் இடுப்பு மடியும் இடத்தில் விரிசல் விட்டுவிடும்.

அதற்குள் அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது. கால் முறிந்த வீரர்களுக்கு அப்போது கட்டிய உலோகச் சட்டங்கள், தூக்கிச் செல்லும்போது அதிர்ந்து காயத்தை மோசமாக்குவதாகத் தெரிந்ததும், ஈம்ஸ் தம்பதி சார்லஸின் காலையே அச்சாக எடுத்து ப்ளைவுட்டில் ஒரு கால்சட்டம் வளைத்தார்கள். அதன் பக்கங்களில் நீள நீளமான ஓட்டைகள் இருக்கும். பார்க்க அலங்காரம் போலத் தெரிந்தாலும் வேலை இரண்டு: கட்டுத்துணி நுழைய வழி, வளைவில் மரம் விரிசல் விடாமல் இருக்க இடைவெளி. கடற்படை முதலில் 5,000 வாங்கியது. போர் முடிவதற்குள் எண்ணிக்கை ஒன்றரை லட்சம் அளவுக்குப் போனது.

போர் முடிந்ததும் அந்த அனுபவத்தோடு நாற்காலிக்குத் திரும்பினார்கள். ஒரே பலகை என்கிற ஆசையை விட்டார்கள். உட்காரும் இடம் தனி, முதுகு தனி, முன்கால் தனி, பின்கால் தனி, இவற்றை இணைக்கும் நடுத்தண்டு தனி என்று ஐந்து துண்டுகளாகப் பிரித்து, துண்டுகளுக்கு நடுவே தடித்த ரப்பர் வட்டுகளை வைத்தார்கள். அந்த ரப்பரால் முதுகு, சாயும் ஆளுக்கு ஏற்ப லேசாக அசைந்துகொடுக்கும். முன்பக்கம் ஒரு திருகாணி தலைகூடத் தெரியாது. 1946-ல் வந்த இந்த நாற்காலி இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பழைய பிரதிகளில் முதலில் சாவது மரமில்லை, அந்த ரப்பர்தான். ஐம்பது அறுபது வருடத்தில் கல்லாக இறுகி, ஒருநாள் முதுகு கையோடு வந்துவிடும். அதை மாற்றத் தெரியாமல் முன்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கிவைத்த நாற்காலிகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அந்த ஒரு ஸ்க்ரூவோடு நாற்காலியின் யோசனை முழுவதும் போய்விடுகிறது.

மிட்-செஞ்சுரி மாடர்ன் என்றால் என்ன என்பதற்கு நான் காட்டும் உதாரணம் அந்த நாற்காலிதான். போரில் கற்ற உற்பத்தி முறை, பொருளின் இயல்புக்கு இணங்கிப்போன வடிவம், ஏராளமான பேருக்குக் குறைந்த விலையில் நல்ல பொருளைக் கொடுக்க வேண்டும் என்கிற நோக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1948-ல் மலிவு விலை மரச்சாமான்களுக்கென்றே சர்வதேசப் போட்டி நடத்தியது. அதிலிருந்து கிளம்பியதுதான் 1950-ல் விற்பனைக்கு வந்த ஈம்ஸின் ஃபைபர்கிளாஸ் நாற்காலி. அவர்கள் முதலில் தேடிய ஒரே துண்டு நாற்காலி மரத்தில் வராமல் அதில் வந்தது. பள்ளிக்கூடங்களிலும் விமான நிலையங்களிலும் நாம் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பலவற்றுக்கு அது பாட்டி. ஆனால் இதே தம்பதி 1956-ல் செய்த தோல் சாய்வு நாற்காலி அன்றைக்கே பணக்காரர் பொருள். எல்லாமே ஏழைக்கு என்று நான் சொல்லவில்லை.

வீடுகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவில் 1944-ல் வந்த சட்டத்தால் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீட்டுக் கடன் சுலபமாகக் கிடைத்தது. புறநகர்களில் சின்னச் சின்ன ஒற்றைத் தள வீடுகள் லட்சக்கணக்கில் எழும்பின. சின்ன அறைக்குள் தரைவரை இறங்கிய கனத்த சோபாவைப் போட்டால் அறை அடைந்துபோகும். ஒடுங்கிய காலில் கொஞ்சம் தூக்கி நிற்கும் சோபாவின் அடியில் தரை தெரியும், அறை விசாலமாகத் தோன்றும், கூட்டவும் வசதி. 1945 ஜனவரியில் ஜான் என்டென்சா என்ற பத்திரிகை ஆசிரியர் கலிபோர்னியாவில் மாதிரி வீடுகள் கட்டும் திட்டம் ஒன்றை அறிவித்தார். ஈம்ஸ் தம்பதியின் சொந்த வீடு, 1949-ல் முடிந்தது, அந்தத் திட்டத்தில் 8-ஆம் எண். தொழிற்சாலைக் கட்டடங்களுக்கான இரும்புச் சட்டங்களையும் கண்ணாடியையும் வைத்துக் கட்டியது. பியர் கோனிக் கட்டிய 22-ஆம் எண் வீட்டை 1960-ல் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த படத்தில் பார்த்திருப்பீர்கள்: இரவு, கண்ணாடி மூலையில் இரண்டு பெண்கள், கீழே லாஸ் ஏஞ்சலஸின் விளக்குகள்.

அந்தப் படம் இந்தப் பாணிக்குப் பெரிய புகழைத் தேடித் தந்தது. ஆனாலும் நான் அதிகம் மதிப்பது ஜோசப் ஐக்லர் என்ற கட்டுமானக்காரரை. பெரும்பாலும் வடக்கு கலிபோர்னியாவில் ஏறக்குறைய 11,000 வீடுகளை நடுத்தரக் குடும்பங்களுக்காக இந்தப் பாணியில் கட்டினார். கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் வீடு விற்க மாட்டோம் என்பது அப்போது அங்கே பரவலான வழக்கம். ஐக்லர் எல்லோருக்கும் விற்றார். கட்டுமானக்காரர்களின் தேசியச் சங்கம் அந்தக் கொள்கையை ஏற்காததால் 1958-ல் அதிலிருந்து விலகினார். கண்ணாடிச் சுவரைப் பற்றிப் பேசுபவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

டென்மார்க் கொஞ்சம் வேறு பாதை. அங்கே தச்சர்களின் கைத்திறன் முன்னால் நின்றது. தென்கிழக்கு ஆசியத் தேக்கு தாராளமாகப் போய்ச் சேர்ந்தது. ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த ஒய்-வடிவ முதுகு நாற்காலியின் இருக்கை, முறுக்கிய காகிதக் கயிற்றால் கையால் பின்னியது. முதலில் அதைத் தயாரித்த நிறுவனமே இன்றும் அதே முறையில் செய்துகொண்டிருக்கிறது. அவருடைய இன்னொரு நாற்காலி 1960-ல் கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதத்தில் இடம்பெற்று அமெரிக்கா முழுக்கத் தெரிந்தது.

சாய்ந்த கால் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தின் மிகப் பிரபலமான நாற்காலிகளில் ஒன்றுக்குக் காலே கிடையாது. பின்லாந்தில் பிறந்த ஈரோ சாரினென் 1957-ல், மேசைக்கு அடியில் தெரியும் கால்களின் கூட்டத்தை ஒழித்துக்கட்ட நினைத்து, ஒற்றைத் தண்டில் விரிந்து நிற்கும் வெள்ளை நாற்காலியைச் செய்தார். ஆகவே சாய்ந்த கால் ஓர் அடையாளம் மட்டுமே. அது இருப்பதாலேயே ஒரு பொருள் மிட்-செஞ்சுரி ஆகிவிடாது, இல்லாததால் விலகியும் போகாது.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன என்று தோன்றலாம். நிறையவே இருக்கிறது. 1951-லிருந்து சண்டிகர் நகரம் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் திட்டத்தில் எழுந்தபோது, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே அங்கேயே தங்கி, 1965 வரை வேலை பார்த்தார். அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஆயிரக்கணக்கில் மேசை நாற்காலி வேண்டியிருந்தது. தேக்கும் பிரம்பும் உள்ளூரில் வேலை தெரிந்த கைகளுக்குப் பழகியவை. அந்த நாற்காலியைப் பக்கவாட்டில் பாருங்கள்: இரண்டு தடித்த தேக்குக் கட்டைகள் தலைகீழ் வி-யாகச் சேர்ந்து நிற்கும், மேலே கைப்பிடி, நடுவே பிரம்புப் பின்னல். பல பட்டறைகளில் செய்ததால் ஒன்றுக்கொன்று அளவு கொஞ்சம் மாறும். பின்பக்கக் கட்டையில் எந்தத் துறைக்குச் சொந்தம், எத்தனையாவது எண் என்று அச்சுத்தகடு வைத்துப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். ஒரு குமாஸ்தாவின் நாற்காலி, அவ்வளவுதான். ஏலக்கடைகள் எல்லாவற்றையும் ஜான்னரே பெயரில் விற்கின்றன. ஆனால் யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

பிரம்பு கிழிந்து, கால் ஆடத் தொடங்கியதும் அந்த நாற்காலிகள் மொட்டை மாடிகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. கழிவு விலைக்கு ஏலத்தில் போயின. பிரெஞ்சு வணிகர்கள் வாங்கிப்போய் செப்பனிட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சங்களுக்கு விற்ற பிறகுதான் இங்கே விழித்துக்கொண்டோம். 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கவும் நாட்டைவிட்டுக் கொண்டுபோகவும் தடை போட்டது. மக்கிப்போக விட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. பிரம்பு மாற்றத் தெரிந்த ஆள் இருந்திருந்தால் பெரும்பாலானவை அங்கேயே உழைத்துக்கொண்டிருக்கும்.

ஈம்ஸ் தம்பதியும் இங்கே வந்தவர்கள்தான். இந்திய அரசின் அழைப்பில் நாடு முழுக்கச் சுற்றி 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நம் வீட்டுச் சொம்பைக் கையில் எடுத்து, எவ்வளவு நீர் பிடிக்கும், தலையில் வைத்தால் எப்படி நிற்கும், ஊற்றும்போது கைக்கு எப்படி இருக்கும் என்றெல்லாம் அதில் வியந்து கேட்டிருக்கிறார்கள். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியது அந்த அறிக்கையின் தொடர்ச்சி.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியையும் சொல்ல வேண்டும். அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. 1937-லிருந்து கட்டட வேலையைக் கூடவே இருந்து பார்த்தவர் ஜார்ஜ் நகாஷிமா. சுந்தரானந்தா என்று ஆசிரமப் பெயரும் பெற்றவர். திறந்து மூடும் கிடைப்பட்டைகள் வெளிப்புறம், காற்று நுழையும் தேக்குத் தள்ளுகதவுகள் உள்ளே. நம் வெயிலுக்கு அவ்வளவு பொருத்தம். பிறகு அமெரிக்கா திரும்பிய அவரை, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக 1942-ல் முகாமில் அடைத்தார்கள். அந்த முகாமிலேயே ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மரபுவேலை கற்று, வெளியே வந்து, இந்தக் காலத்தின் பெரிய மரக்கலைஞர்களில் ஒருவரானார். கோல்கொண்டாவைக் கணக்குப்படி மிட்-செஞ்சுரி என்று சொல்ல முடியாது, கொஞ்சம் முந்தியது. ஆனாலும் ஒருமுறை தெருவில் நின்றாவது பாருங்கள்.

சென்னையில் இதோடு அதிகம் குழப்பிக்கொள்வது ஆர்ட் டெகோ கட்டடங்களை. பாரிமுனையின் டேர் ஹவுஸ், 1940 வாக்கில் வந்தது, ஆர்ட் டெகோ; உருண்ட மூலைகள், செங்குத்துக் கோடுகள், அலங்காரத்தின் மேல் ஆசை. மவுண்ட் ரோட்டின் எல்.ஐ.சி. கட்டடம், 1959-ல் திறந்தது, 14 மாடி, அப்போது இந்தியாவிலேயே உயரமானது. மிட்-செஞ்சுரி என்று தாராளமாகச் சொல்லலாம். பழைய கட்டடம் என்பதற்காக இரண்டையும் ஒரே பெயரில் அடைக்காதீர்கள்.

கடைக்குப் போகும்போது மூன்று வகையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்திலேயே செய்த பொருள் ஒன்று. அசல் வடிவமைப்பை உரிமையோடு இன்றும் செய்யும் நிறுவனத்தின் புதுப் பொருள் இன்னொன்று. ஈம்ஸுக்கு ஹெர்மன் மில்லர், சாரினெனுக்கு நோல் என்று இருக்கிறார்கள். மீதி எல்லாம் அந்தச் சாயலில் செய்தவை. மூன்றாவது வகையில் கேவலம் ஒன்றுமில்லை, விலை அதற்கேற்ப இருந்தால் சரி. ‘எந்த வருடம் செய்தது, வடிவமைப்பு யாருடையது’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அது மூன்றாவது வகைதான். அப்புறம், சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கக் கூச்சப்படாதீர்கள். மலிவான சாயல் சோபாக்களில் கால் ஒரு சின்னத் தகட்டில் மரத்தூள் பலகையோடு திருகியிருக்கும். சாய்ந்த காலுக்குப் பக்கவாட்டில் விசை அதிகம், அந்த இடம்தான் முதலில் பிய்யும். அடிச்சட்டம் நிஜ மரமாக இருந்து, கால் அதோடு உறுதியாக இணைந்திருந்தால் துணி எந்த நிறமானாலும் வாங்கலாம்.

தமிழில் எழுதும்போது நான் பின்பற்றும் வழக்கம் இது: காலத்தைச் சொல்ல வேண்டுமென்றால் ‘20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி’, பாணியைச் சொல்ல வேண்டுமென்றால் ‘மிட்-செஞ்சுரி மாடர்ன்’. இரண்டாவதை மொழிபெயர்க்க நான் முயல்வதில்லை. ஆர்ட் டெகோவை நாம் மொழிபெயர்க்கிறோமா என்ன?

ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சொல் முற்றிலும் வேறு திசையில் போகும். பருவநிலை பற்றிய ஆங்கில அறிக்கைகளில் ‘மிட்-செஞ்சுரிக்குள்’ கரியமில வாயு வெளியேற்றத்தை நிகர பூஜ்யமாக்க வேண்டும் என்று வந்தால், அது நம் 21-ஆம் நூற்றாண்டின் நடு, அதாவது 2050-ஐ ஒட்டிய காலம். ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2041-லிருந்து 2060 வரையிலான 20 வருடத்தை இடைக்காலம் என்று வைத்துக் கணக்கிடுகிறது. இந்தியா தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு 2070. இந்த மாதிரி இடங்களில் ‘நூற்றாண்டின் நடு’ என்று அப்படியே தமிழாக்கினால் படிப்பவர் 1950-ஐ நினைக்க வாய்ப்பிருக்கிறது. ‘2050 வாக்கில்’ என்று வருடத்தையே போட்டு எழுதிவிடுங்கள்.